புதுச்சேரி அரசு: மூன்று கிளைகளும் ஒரு காலி நாற்காலியும்

போன வாரம் பேத்தி குடிமையியல் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு வந்தாள். பத்தாம் வகுப்பு. "தாத்தா, சட்டமன்றம், நிர்வாகம், நீதித்துறைன்னு மூணு கிளை போட்டிருக்கு. படிச்சிட்டேன். ஆனா நம்ம ஊர்ல ஒரு வேலை நடக்கணும்னா யார் கையெழுத்துப் போடணும்? அது இதுல இல்லையே" என்றாள்.

முப்பத்தொன்பது வருடம் அரசு அலுவலகத்தில் எழுத்தராகக் குப்பை கொட்டியவன் நான். ஒரு வரியில் பதில் சொல்லியிருக்க வேண்டும். சொல்ல முடியவில்லை. "சாயங்காலம் சொல்றேன், போம்மா" என்று அனுப்பிவிட்டேன். சாயங்காலம் சொன்னதைத்தான் கொஞ்சம் விரிவாக இங்கே எழுதுகிறேன். நம் வயதுக்காரர்களுக்குப் பாதி தெரிந்ததாகத்தான் இருக்கும். மீதிப் பாதிக்காகப் படியுங்கள்.

முதலில் ஒரு வேடிக்கை. நம் அரசிதழின் தலைப்பை எப்போதாவது உற்றுப் பார்த்திருக்கிறீர்களா? அதில் பிரெஞ்சில் "லா கஸெத் தெ லெத்தா" என்று தொடங்கும். "எத்தா" என்றால் மாநிலம், அரசு. சட்டப்படி நாம் யூனியன் பிரதேசம். நம் ஆணைகளை அச்சிடும் தாளோ நம்மை "எத்தா" என்கிறது. நான் வேலைக்குச் சேர்ந்த 1970-இல், பிரெஞ்சு மீடியத்தில் படித்தவன் என்பதால் பழைய கோப்புகளைப் படித்துச் சொல்லும் வேலை என் தலையில் விழுந்தது. அப்போது என் கண்காணிப்பாளரிடம் இதைக் கேட்டேன். "தலைப்பைப் படிக்கச் சொல்லிச் சம்பளம் கொடுக்கலைப்பா, உள்ளே இருக்கிற ஆணையைப் படி" என்றார். அந்த ஒரு சொல்லுக்குள் நம் ஊர் வரலாறு முழுக்க இருக்கிறது என்பது பிறகுதான் புரிந்தது.

பிரெஞ்சுக்காரன் காலத்தில் மேலே ஒரு கூவர்னர். அவரைப் பாரீசு அனுப்பும், பாரீசே திரும்ப அழைக்கும். 1879-இல் கொன்செய் ழெனெரால் என்ற பொதுச் சபை வந்தது. வரவு செலவை அது விவாதித்து ஓட்டுப் போடும். ஆனால் "கட்டாயச் செலவு" என்று ஒரு பகுதி உண்டு. அதில் சபை கைவைக்க முடியாது. மறு ஆண்டு, 1880 மார்ச் 12-ஆம் தேதி ஆணைப்படி, ஊர்களைப் பத்துக் கொம்யூன்களாகப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் தேர்ந்தெடுத்த சபையும் அதன் தலைவராக ஒரு மேரும் வந்தார்கள். 1907-இல் பத்து பதினேழாயிற்று. புதுச்சேரிப் பகுதியில் எட்டு: புதுச்சேரி, அரியாங்குப்பம், முதலியார்பேட்டை, உழவர்கரை, வில்லியனூர், திருபுவனை, பாகூர், நெட்டப்பாக்கம். காரைக்காலில் ஆறு. மாகே, ஏனாம், சந்திரநாகூர் தலைக்கு ஒன்று.

அந்தக் காலத் தேர்தல்களை நான் பெருமையாகச் சொல்ல மாட்டேன். வெள்ளையருக்கு ஒரு வாக்காளர் பட்டியல், நம்மவர்க்கு ஒரு பட்டியல் என்று இருந்த காலம் அது. தடியும் ஆளும் வைத்திருந்தவர்களே ஜெயித்தார்கள். ஓட்டுப் பெட்டி ஓட்டுப் போடுகிறவனுக்கு முன்னாலேயே நிரம்பிவிடும் என்று என் தாத்தா சிரித்துக்கொண்டே சொல்வார். ஆனாலும் ஒரு பழக்கம் ஊன்றிவிட்டது. ஊருக்கு ஒரு மேரி, அந்த மேரியில் ஒரு மேர், அவர் நம் ஊர்க்காரர் என்ற பழக்கம்.

இரண்டாம் உலகப் போருக்குப் பின் 1946-இல் பொதுச் சபை போய்ப் பிரதிநிதிகள் சபை வந்தது. 44 உறுப்பினர்கள். சந்திரநாகூர் வங்காளத்தோடு போனபின் 39. 1947 ஆகஸ்டில் ஒரு அரசாங்கக் குழு அமைந்தது. ஆறு பேர். இன்றைக்கு நம் முதலமைச்சரையும் சேர்த்து அமைச்சரவையை எண்ணிப் பாருங்கள், அதே ஆறு. தற்செயலாக அமைந்த எண்ணாகக்கூட இருக்கலாம். எனக்கு என்னவோ அப்படித் தோன்றுவதில்லை.

அடுத்து நம் எல்லோருக்கும் தெரிந்த 1954. ஆனால் அதில் ஒரு விஷயத்தை நாம் அழுத்திச் சொல்வதில்லை. அந்த மார்ச் மாதம் புதுச்சேரிப் பகுதியின் கொம்யூன் மேர்கள் சேர்ந்து இந்தியாவோடு இணைய வேண்டும் என்று தீர்மானம் போட்டார்கள். அக்டோபர் 18-ஆம் தேதி கீழூரில் கூடி வாக்களித்தவர்கள் 178 பேர். இணைப்புக்கு ஆதரவு 170, எதிர்ப்பு 8. அந்த 178 பேர் யார்? பிரதிநிதிகள் சபை உறுப்பினர்களும் கொம்யூன் சபை உறுப்பினர்களும். அதிலும் பெரும்பாலோர் கொம்யூன் உறுப்பினர்கள். ஊர்க்குளம் தூர்வாரவும், தெரு விளக்குப் போடவும் தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள் ஒரு நாட்டை விட்டு இன்னொரு நாட்டுக்குப் போவதைக் கையெழுத்துப் போட்டு முடித்தார்கள். நவம்பர் 1-ஆம் தேதி நிர்வாகம் கைமாறியது. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். கட்டுரை முடிவில் இங்கேதான் திரும்பி வரப் போகிறேன்.

1956 மே 28-இல் ஒப்பந்தம் கையெழுத்தானது. பிரெஞ்சு நாடாளுமன்றம் ஒப்புக்கொண்டு பத்திரம் மாற்றிக்கொண்டது 1962 ஆகஸ்ட் 16-இல். நடுவில் எட்டு வருடம் நாம் இரண்டுங்கெட்டான். ஆள்வது இந்தியா, சட்டப்படி சொந்தம் பிரான்சுக்கு. அந்தக் காலத்து ஆணைகளில் "புதுச்சேரி மாநிலம்" என்றே எழுதினார்கள். அரசிதழ் தலைப்பிலுள்ள "எத்தா" அந்தக் காலத்துப் பிள்ளை. தலைமை ஆணையர் டில்லியின் வெளியுறவு அமைச்சகத்துக்குப் பதில் சொல்லிக்கொண்டு இங்கே ஆண்டார். அரசியல் சட்டத்தின் பதினான்காவது திருத்தம் நம்மை யூனியன் பிரதேசமாக்கியது. 1963-ஆம் ஆண்டின் யூனியன் பிரதேச அரசுகள் சட்டம் வந்து, அந்த ஜூலை 1-இல் பிரதிநிதிகள் சபை சட்டமன்றமாக மாறியது. எதுவார் குபேர் முதல் முதலமைச்சர். இன்று பேத்தியின் புத்தகத்திலுள்ள மூன்று கிளைகளில் சட்டமன்றமும் நிர்வாகமும் நம் ஊரில் இந்தச் சட்டத்தில்தான் முளைத்திருக்கின்றன.

முதல் கிளை, சட்டமன்றம். தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள் 30 பேர். இன்றைய கணக்கில் புதுச்சேரிக்கு 23, காரைக்காலுக்கு 5, மாகேக்கு 1, ஏனாமுக்கு 1. தொகுதிச் சீரமைப்புக்கு முன் காரைக்காலுக்கு 6, மாகேக்கு 2 இருந்தது பழைய ஆட்களுக்கு நினைவிருக்கும். இவர்கள் தவிர, மத்திய அரசு மூன்று பேர் வரை நியமிக்கலாம். நியமிக்கும்போது இங்குள்ள அரசைக் கேட்க வேண்டுமா என்ற வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 2018 டிசம்பரில் கேட்க வேண்டியதில்லை என்று தீர்ப்பானது. அவர்களுக்கு ஓட்டும் உண்டு. முப்பது பேர் சபையில் மூன்று ஓட்டு என்ன பெரிசு என்று நினைக்காதீர்கள். பதினாறும் பதினாலுமாக உட்கார்ந்திருக்கும் சபையில் அதுதான் தராசு முள்.

மாநிலப் பட்டியலில் உள்ளதையெல்லாம் நம் சபை சட்டமாக்கலாம். போலீசும் நிலமும்கூட நம்மிடம்தான், டில்லிக்கு அது இல்லை. ஆனால் இங்கே போட்ட சட்டத்துக்கும் நாடாளுமன்றம் போட்ட சட்டத்துக்கும் முரண் வந்தால் நாடாளுமன்றச் சட்டமே நிற்கும். மசோதா நிறைவேறியதும் துணைநிலை ஆளுநரிடம் போகும். அவர் ஒப்புக்கொள்ளலாம், மறுக்கலாம், ஜனாதிபதிக்கு அனுப்பி வைக்கலாம். பட்ஜெட்டைச் சபையில் வைப்பதற்கே ஜனாதிபதியின் முன் அனுமதி வேண்டும். மார்ச் மாதம் நாம் எத்தனை முறை முழு பட்ஜெட் இல்லாமல் "வோட் ஆன் அக்கவுண்ட்" என்று இரண்டு மூன்று மாதச் செலவுக்கு மட்டும் அனுமதி வாங்கியிருக்கிறோம்! அதற்கு ஒரு முக்கியக் காரணம் டில்லியிலிருந்து வர வேண்டிய அந்த ஒரு கடிதம்.

எழுத்தருக்குச் சட்டமன்றம் என்றால் கேள்வி. "நட்சத்திரக் கேள்வி வந்திருக்கு" என்றால் அலுவலகமே எழுந்து நிற்கும். எந்த உறுப்பினரோ ஏதோ ஒரு தெருவில் எத்தனை குழாய் என்று கேட்டிருப்பார். ஒரு வருடமாக யாரும் எண்ணாத குழாயை ஒரே ராத்திரியில் எண்ணுவோம். எனக்கு அப்போது எரிச்சலாக இருக்கும். இப்போது நினைத்தால், அந்தக் குழாய்களை யாராவது எண்ணினார்கள் என்றால் அந்தக் கேள்வியால்தான். சட்டம் போடுவதைவிட இந்தக் கேள்வி கேட்பதுதான் சபையின் பெரிய வேலை என்று என் அனுபவத்தில் சொல்வேன்.

இரண்டாம் கிளை, நிர்வாகம். இதுதான் என் வீடு. இங்கே கொஞ்சம் நின்று பேசுகிறேன்.

ஒரு கடிதம் வந்தால் தபால் பிரிவில் எண் போட்டு எழுத்தரிடம் வரும். எழுத்தர் கோப்பைத் தேடி எடுத்து, கடிதத்தை வலப்பக்கம் சேர்த்து, இடப்பக்கம் நோட் ஷீட்டில் குறிப்பு எழுதுவார். விஷயம் என்ன, விதி என்ன, முன்பு இப்படி வந்தபோது என்ன செய்தோம், இப்போது என்ன செய்யலாம். நாலு பத்தி. கடைசி வரி "ஆணைக்காகப் பணிந்து சமர்ப்பிக்கப்படுகிறது". அங்கிருந்து உதவியாளர், கண்காணிப்பாளர், சார்புச் செயலர், செயலர். பணம் சம்பந்தப்பட்டால் நிதித்துறைக்குப் பக்கவாட்டில் ஒரு பயணம். பிறகு அமைச்சர். பெரிய விஷயமென்றால் முதலமைச்சர், அமைச்சரவை. அதன்பின் ராஜ் நிவாஸ். ஏறிய படியெல்லாம் திரும்ப இறங்க வேண்டும்.

இதில் செயலர்கள் பெரும்பாலும் வெளியூர்க்காரர்கள். டில்லி, கோவா, அருணாசலம், மிசோரம், யூனியன் பிரதேசங்கள் எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே ஐ.ஏ.எஸ். அணி. இரண்டு மூன்று வருடம் இருப்பார்கள், மாற்றல் வரும், போவார்கள். அமைச்சர்கள் ஐந்து வருடம், சில சமயம் ஐந்து மாதம். எழுத்தர் மட்டும் அங்கேயே இருப்பான். ஆகையால் "இது எப்படி நடக்கும்" என்பது அவனுக்குத்தான் தெரியும். "இது நடக்கட்டும்" என்று சொல்லும் அதிகாரம் மட்டும் அவனுக்குக் கிடையாது.

சரி, கடைசி வார்த்தை யாருடையது? சட்டம் சொல்வது இது. துணைநிலை ஆளுநருக்கு உதவவும் ஆலோசனை சொல்லவும் முதலமைச்சர் தலைமையில் அமைச்சரவை. இருவருக்கும் கருத்து வேறுபாடு வந்தால் அவர் ஜனாதிபதிக்கு, அதாவது நடைமுறையில் டில்லி உள்துறைக்கு, அனுப்பலாம். முடிவு வரும்வரை அவசரமென்றால் தாமே நடவடிக்கை எடுக்கலாம். மாநில ஆளுநருக்கு இந்த வழி இல்லை. எந்த விஷயம் யார் மேசைக்குப் போக வேண்டும் என்பதற்கு 1963-இலேயே ஜனாதிபதி அலுவல் விதிகள் போட்டுக் கொடுத்திருக்கிறார். நல்ல மனிதர்கள் இரண்டு பக்கமும் இருந்தால் தொலைபேசியில் முடியும். இல்லாவிட்டால் நீதிமன்றம். அன்றாட நிர்வாகத்தில் துணைநிலை ஆளுநர் தலையிடக் கூடாது என்று 2019-இல் சென்னை உயர் நீதிமன்றத்தில் தனி நீதிபதி சொன்னார். 2020-இல் இரு நீதிபதிகள் அமர்வு அந்தத் தீர்ப்பை நீக்கிவிட்டது. நான் அப்போது ஓய்வு பெற்றுப் பத்து வருடம் ஆகிவிட்டது. இருந்தாலும் பேப்பரைப் படித்தபோது, இரண்டு பக்கத்துக்கும் நடுவில் கோப்பை வைத்துக்கொண்டு நிற்கும் யாரோ ஒரு எழுத்தர் பையன்தான் கண்ணில் தெரிந்தான்.

மூன்றாம் கிளை, நீதித்துறை. பிரெஞ்சு நீதிமன்றத்தில் இறுதி மேல்முறையீடு பாரீசில். 1962 நவம்பர் 6 முதல் நாம் சென்னை உயர் நீதிமன்றத்தின் கீழ் வந்தோம். பிறகு சட்டங்கள் ஒவ்வொன்றாக மாறின. பத்திரம் எழுத நொத்தேரிடம் போனவர்கள் சார்பதிவாளரிடம் போனார்கள். நம் ஊர் ரெனோன்சான் குடும்பங்களுக்கு மட்டும் கல்யாணம், வாரிசு விஷயத்தில் பிரெஞ்சு சிவில் சட்டத்தின் நிழல் இன்னும் இருக்கிறது.

எனக்குப் பெரிய மாற்றமாகப் பட்டது வேறு. பிரெஞ்சு முறையில் அரசாங்கத்தின் மீது வழக்கென்றால் சாதாரணக் கோர்ட்டுக்குப் போக முடியாது. அதற்கென்று தனிக் குழு. அதில் கூவர்னரின் ஆலோசனைக் குழுவினரோடு நீதிபதிகள் இருவர் சேர்ந்து உட்காருவார்கள். அரசாங்கத்தின் மீதான புகாரை அரசாங்கமே பாதி உட்கார்ந்து கேட்கும் ஏற்பாடு. இந்தியச் சட்டம் வந்தபின் யாரும் சென்னைக்குப் பஸ் ஏறி ஒரு ரிட் போடலாம். எங்கள் அலுவலகத்தில் "ரிட் வந்திருக்கு" என்ற வார்த்தைக்கு இருந்த மரியாதை வேறு எதற்கும் கிடையாது. மாதக்கணக்கில் தூங்கிய கோப்பு மறுநாள் காலையில் செயலர் மேசையில் இருக்கும். இணைப்பால் நமக்குக் கிடைத்தவற்றில் இதை நான் மேலே வைப்பேன்.

மூன்று கிளையும் ஆயிற்று. பேத்தியும் "புரிஞ்சுது" என்றாள். ஆனால் அவள் கேட்ட கேள்விக்கு நான் இன்னும் பதில் சொல்லவில்லை. அதற்கு என் அப்பாவைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

அப்பா ஒரு கொம்யூன் மேரியில் எழுத்தர். எந்த கொம்யூன் என்பது வேண்டாம். ஓட்டுக் கட்டடம், முன்னால் ஒரு திண்ணை, ஒரு வேப்பமரம். பள்ளி விட்டதும் நான் அங்கேதான் போய் உட்காருவேன். பிறப்பு, கல்யாணம், சாவு மூன்றும் அங்கே பெரிய பெரிய தடிப் புத்தகத்தில் ஏறும். அந்த எத்தா சிவில் புத்தகத்தில் கையெழுத்துப் போடுகிறவர் மேர். காலையில் மேர் திண்ணையில் வந்து உட்கார்ந்தால், ஊர் வந்து நிற்கும். எனக்கு வரப்புத் தகராறு, எங்கள் தெருவில் தண்ணீர் நிற்கிறது. மேர் எல்லாவற்றையும் செய்தார் என்று சொல்ல மாட்டேன். தன் ஆட்களுக்கு ஒரு நியாயம், மற்றவர்களுக்கு ஒரு நியாயம் பார்த்ததும் உண்டு. திண்ணைக்கு ஏற விடாமல் மரத்தடியிலேயே நிற்க வைத்த ஜனங்களும் உண்டு. அதையும் நான் பார்த்தேன். ஆனால் முடியும் என்றோ முடியாது என்றோ அன்றே சொல்லிவிடுவார். சொன்னவர் யார் என்று ஊருக்குத் தெரியும். அடுத்த தேர்தலில் அதை ஞாபகம் வைத்துக்கொள்வார்கள்.

பழைய பிரெஞ்சு ஆணைப்படி கடைசியாக நடந்த கொம்யூன் தேர்தல் 1968-இல். 1973-இல் நகராட்சிச் சட்டமும் கிராம, கொம்யூன் பஞ்சாயத்துச் சட்டமும் வந்தன. காகிதத்தில் நல்ல சட்டங்கள். ஆனால் தேர்தல் வரவில்லை. எழுபதுகளின் இறுதியில் மேர்கள் போய்விட்டார்கள். அவர்கள் நாற்காலியில் அரசு அதிகாரி உட்கார்ந்தார். ஊர் முடிவெடுத்த விஷயங்களெல்லாம் செயலகத்துக்கு ஏற ஆரம்பித்தன. அதாவது என் மேசைக்கு.

எண்பதுகளின் தொடக்கம். நான் ஒரு துறையில் இருந்தேன். ஒரு கிராமத்தில் வாய்க்காலின் மேல் இருந்த சிறுபாலம் இடிந்துவிட்டது. பத்தடி நீளம் இருந்தால் அதிகம். சில ஆயிரம் ரூபாய் வேலை. ஊர்க்காரர்கள் கையெழுத்துப் போட்ட மனு வந்தது. நான் முறையாகக் குறிப்பு எழுதினேன். எந்தக் கணக்குத் தலைப்பில் செலவு என்று தெளிவில்லை, எனவே விளக்கம் கேட்டுத் திருப்பலாம் என்று எழுதினேன். விதிப்படி சரியான குறிப்பு. கண்காணிப்பாளர் பாராட்டினார். கோப்பு கீழே போய், விளக்கத்தோடு ஏறி, நிதித்துறைக்குப் போய், வேறொரு விளக்கத்துக்காகத் திரும்ப இறங்கியது. இரண்டாம் முறையும் திருப்பியவன் நான்தான்.

அந்த ஊர்ப் பெரியவர் ஒருவர் மாதம் ஒருமுறை வருவார். வேட்டி, தோளில் துண்டு, கையில் மனுவின் நகல். "தம்பி, என்னா ஆச்சுன்னு பார்த்துச் சொல்லுங்க" என்பார். "மேலே போயிருக்கு பெரியவரே" என்பேன். ஐப்பசி பிறந்து மழையும் பிடித்துக்கொண்டது. கார்த்திகையில் ஒருநாள் வந்தார். மருமகளுக்கு ராத்திரியில் வலி எடுத்து, பாலம் இல்லாததால் கயிற்றுக் கட்டிலில் வைத்து நாலு பேர் சுமந்து, மூன்று கிலோமீட்டர் சுற்றிப் போனார்களாம். "பெரிய உசுரும் சின்ன உசுரும் பொழைச்சிடுச்சு தம்பி, ஆண்டவன் புண்ணியம்" என்றார். கோபமே இல்லை. பிறகு மெதுவாகக் கேட்டார்: "இந்தப் பேப்பர்ல முடியாதுன்னு சொன்னது யாரு தம்பி? அவர்கிட்டயாவது போய்க் கேக்கலாம்னு பார்க்கிறேன்."

கோப்பை எடுத்துப் பார்த்தேன். பதினொரு கையெழுத்து இருந்தது. ஒருவர்கூட முடியாது என்று எழுதியிருக்கவில்லை. முடியும் என்றும் யாரும் எழுதியிருக்கவில்லை. முதல் கையெழுத்து என்னுடையது.

அவருக்கு நான் என்ன சொன்னேன் என்று நினைவில்லை. வீட்டுக்கு வந்து அப்பாவிடம் சொன்னேன். அவர் அப்போது ஓய்வு பெற்றுத் திண்ணையில் சாய்வு நாற்காலியோடு இருந்தார். கேட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "எங்க மேரியில தப்பு நடந்தா, பண்ணினவன் யாருன்னு ஊருக்கே தெரியும். உங்க ஆபீஸ்ல தப்பும் நடக்குது, பண்ணினவன் யாருமில்லே. அப்படித்தானே?" என்றார். அடுத்த நாள் நானே கணக்குத் தலைப்பைக் கண்டுபிடித்துக் குறிப்பு எழுதி, கோப்பைக் கையில் தூக்கிக்கொண்டு அறை அறையாகப் போனேன். ஒரு எழுத்தர் செய்யக் கூடாத காரியம் அது. கோடைக்குள் பாலம் வந்துவிட்டது. அதன் பிறகு ஓய்வு பெறும்வரை, "விளக்கம் கேட்டுத் திருப்பலாம்" என்று எழுதுமுன் அந்தக் கயிற்றுக் கட்டில் ஞாபகம் வரும்.

மூன்று கிளையும் சரியாகத்தான் வேலை செய்தன என்று பேத்தியிடம் சொன்னேன். சபை பணம் ஒதுக்கியிருந்தது. நிர்வாகம் விதிப்படி நடந்தது. ரிட் போட்டிருந்தால் நீதிமன்றமும் கேட்டிருக்கும். ஆனால் பத்தடிப் பாலத்துக்கு மூன்று கிளையும் அண்ணாந்து பார்க்கும் உயரத்தில் இருந்தன. அந்த உயரத்திலிருந்து தரைக்கு இறங்க ஒரு படி வேண்டும். அந்தப் படியைத்தான் நாம் எடுத்துவிட்டோம்.

நாடு முழுவதற்கும் அந்தப் படியை வைக்க 1992-இல் 73, 74-ஆம் திருத்தங்கள் வந்தன. உள்ளாட்சிக்கு ஐந்து வருடத்துக்கு ஒருமுறை தேர்தல் கட்டாயம் என்று அரசியல் சட்டத்திலேயே எழுதினார்கள். நம் ஊரில் வழக்குகளுக்குப் பிறகு 2006-இல் நடந்தது. 1968-க்குப் பின் 38 வருடம் கழித்து. அந்தச் சபைகளின் காலம் 2011-இல் முடிந்தது. அதோடு சரி. 2021-இல் தேதி அறிவித்தும், இட ஒதுக்கீடு வழக்குகளில் மாட்டி நின்றுபோனது. ஐந்து நகராட்சியும் பத்து கொம்யூன் பஞ்சாயத்தும் இன்று அதிகாரிகள் கையில்தான்.

நமக்கு மாநில அந்தஸ்து வேண்டும் என்று சபையில் தீர்மானம் போடுகிறோம், நியாயம்தான். நானும் கை தூக்குவேன். தேர்ந்தெடுத்தவரின் முடிவைத் தேர்ந்தெடுக்காதவர் நிறுத்தி வைக்கக் கூடாது என்று டில்லியிடம் கேட்கிறோம். அதே நியாயத்தை வில்லியனூர்க்காரரும் பாகூர்க்காரரும் நம் செயலகத்தைப் பார்த்துக் கேட்டால் நாம் என்ன பதில் வைத்திருக்கிறோம்? எந்தக் கட்சி ஆட்சிக்கு வந்தாலும் கொம்யூன் தேர்தல் என்றால் கோப்பு இறங்கிவிடுகிறதே, ஏன்? கீழூரில் வாக்களித்து நம்மை இந்தியாவோடு சேர்த்தவர்களில் பெரும்பாலோர் கொம்யூன் உறுப்பினர்கள். இன்று கீழூர்க்காரருக்கு அப்படி ஒரு உறுப்பினர் கிடையாது.

கடற்கரைச் சாலை மேரிக் கட்டடம் 2014 நவம்பர் 29-ஆம் தேதி மழையில் இடிந்து விழுந்தது எல்லோருக்கும் ஞாபகமிருக்கும். அன்று நான் போய்ப் பார்த்து, குடையோடு நின்று அழுதுவிட்டேன். பிறகு பழைய அச்சிலேயே, அதே தூண்களும் வளைவுகளுமாகத் திரும்பக் கட்டி, 2021 பிப்ரவரியில் திறந்தார்கள். அழகாக இருக்கிறது. கட்டியவர்களைக் கையெடுத்துக் கும்பிடலாம்.

ஞாயிற்றுக்கிழமை பேத்தியை அங்கே கூட்டிப் போனேன். விளக்குப் போட்டிருந்தார்கள். போட்டோ எடுத்துக்கொண்டாள். "இது யார் ஆபீஸ் தாத்தா?" என்றாள். "மேர் ஆபீஸ்மா." "இப்போ மேர் யாரு?"

"கேட்டியே, யார் கையெழுத்துப் போடணும்னு? முதல் கையெழுத்து இங்கே உட்கார்ற ஆள் போடணும். அந்த ஆள் இப்போ இல்லை" என்றேன்.

இதைப் படிக்கிறவர்களில் யாருடைய அப்பாவோ தாத்தாவோ கொம்யூன் சபையில் இருந்திருந்தால், கீழூருக்குப் போனவராக இருந்தால், அவர் சொன்னதை எழுதி வையுங்கள். ஒரு பக்கமானாலும் போதும். தேர்தல் மறுபடி வரும்போது, இந்த ஊரில் அது புதிதில்லை என்று பிள்ளைகளுக்குக் காட்ட உதவும்.